மாப்பிள்ளை அனுப்பிய கார் கவர்

மட்டாஞ்சேரி,
ஜனவரி 22, வியாழக்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை கிருஷ்ணபிரசாத்துக்கு மாமனார் வாஞ்சிநாதன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் நீலாம்பாளும் சௌக்கியம். தங்கள் காரும் சௌக்கியம். அங்கே தாங்களும் விஷ்ணுப்ரியாவும், குழந்தைகள் அபிராமும் அதிதியும் குளிருக்கு நடுவே சௌக்கியமாக இருக்க பழையனூர் அம்மனை வேண்டிக்கொள்கிறோம். எட்மன்டனில் மைனஸ் முப்பது என்று டி.வி.யில் சொன்ன நாளிலிருந்து நீலா மின்விசிறி போடுவதில்லை. குழந்தைகள் அங்கே நடுங்கும்போது நமக்கு என்ன காற்று வேண்டியிருக்கிறது என்கிறாள். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் விஷ்ணுப்ரியா குறுக்கே வந்து, "அப்பா, பிரஷர் மாத்திரை போட்டுண்டாச்சா?" என்று பேச்சைத் திருப்பிவிடுகிறாள். திருப்பூணித்துறையில் மலையாளம் படித்து வளர்ந்த உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். சிரமம் பார்க்காமல் நீங்களே வாசியுங்கள். அவளிடம் கொடுக்க வேண்டாம். அவள் என் பெண், பாதிக் கடிதத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

விஷயம் கார்தான். காக்கநாட்டில் உங்கள் அம்மாவும் தம்பி வைத்தீஸ்வரனும் இருக்கும் பிளாட்டில், அடித்தளப் பார்க்கிங்கில் ஆகஸ்டு மழையில் தண்ணீர் ஏறியதால் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அங்கே தண்ணீர் வற்றி, மோட்டாரும் வைத்துவிட்டார்களாம். வெட்டவெளியில், அதுவும் குளிர்காலத்தில் கார் நிற்கக் கூடாது, வைத்தீஸ்வரன் வந்து எடுத்துக்கொண்டு போவான் என்று எழுதியிருந்தீர்கள். அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் நண்பர் மூலம் கொடுத்தனுப்பிய கவர் வந்ததிலிருந்து காருக்கு ஒரு குறையும் கிடையாது. வெளியே வெள்ளி, உள்ளே கம்பளி. நான் என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கனமான துணி போட்டதில்லை.

அதோடு வந்த தாளில் இருந்த பதினான்கு குறிப்புகளையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன். கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்று போட்டிருந்தது, நிறுத்தினேன். இங்கே முப்பத்திரண்டு டிகிரி என்பது உண்மைதான், ஆனால் மாப்பிள்ளை அனுப்பிய தாளில் நான் திருத்தம் செய்வதா? அதன் மேல் கவரைப் போட்டதும் முன்பக்கம் இரண்டு கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சுடலைமணி, திருநெல்வேலிக்காரன், பார்த்துவிட்டு, "சாமி, நம்ம தெரு ஆடுவளுக்கு ஒரு தலைவர் வந்துட்டாருன்னுல்லா நெனச்சேன்" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆடுகள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மட்டாஞ்சேரி ஆடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொச்சங்காடியிலிருந்து காலையில் அவை பாட்டுக்குப் புறப்பட்டு, சுவரொட்டி, காய்கறி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அவை பாட்டுக்கு வீடு திரும்பும். கவர் வருவதற்கு முன்னால் கார் மேல் ஏறினால் குளம்பு வழுக்கும், அதனால் ஏறாது. உங்கள் கம்பளிக் கவர் வழுக்கவில்லை. மெத்தென்று வேறு இருக்கிறது. மத்தியானம் மூன்று ஆடு மேலே படுத்து அசைபோடும், ஒன்று பானெட்டில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்க்கும். பனியைத் தள்ளுவதற்கு என்று நீங்கள் அனுப்பிய நீளக் கைப்பிடி பிரஷ் ஆட்டுப் புழுக்கை தள்ள அபாரமாக உதவுகிறது. இதையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளவும்.

அப்புறம் நீலாவின் கொண்டாட்ட மிளகாய், தமிழில் மோர்மிளகாய். நம் வீடு ஓட்டு வீடு, மொட்டைமாடி கிடையாது. கல்யாணமாகி வந்து நாற்பத்தோரு வருஷமாக, மிளகாயும் வடாமும் காயப்போட அகலமாக ஒரு இடம் இல்லையே என்று அவளுக்குக் குறை. தெருவில் வெயிலில் பளபளவென்று ஒரு வெள்ளி மேடை நிற்பதைப் பார்த்தாள். எனக்குத் தெரியாமல் ஒரு நாள் டாப்பில் பழைய வேஷ்டியை விரித்து மோர்மிளகாய் பரப்பிவிட்டாள். கீழே கம்பளி, மேலே வெயில், இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்தது. அது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி பின்பக்க டிக்கியில் கருவடாம் பிழிந்தாள். யாரோ பானெட்டில் நார்த்தங்காய் வைத்தார்கள், யாரென்று இன்னும் தெரியவில்லை. இது மாப்பிள்ளை கார் அம்மா, எடுங்கோ என்று நான் சொன்னால், "காருக்கு என்ன மாமா, போர்த்திண்டு தூங்கறது, அதுக்குத் தெரியவா போறது" என்கிறாள் ஜெயலக்ஷ்மி. உப்பு மோர் கொஞ்சம் உள்ளே இறங்கி டாப்பில் ஒரு சின்ன வெளுப்பு. சின்னது என்றால், நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் தெரியும். உள்ளே ஸ்டியரிங்கில் லேசாகப் பூசணம். நம் ஊர் ஈரக்காற்று கம்பளிக்குள் புகுந்தால் வெளியே வர வழி இல்லையாம். வேப்பெண்ணெய் தடவியிருக்கிறேன். கார் இப்போது ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக மணக்கிறது.

ஆக, கார் இங்கேயே இருப்பதுதான் நல்லது. இப்போது வேறு வழியும் இல்லாமல் போய்விட்டது, அதைத்தான் எழுத வருகிறேன். போன சனிக்கிழமை, அதாவது வைத்தீஸ்வரன் காரை எடுக்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், நான் கவரின் நாடாவைக் கட்டுவதற்காகக் கார் சாவியை மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஒற்றைக் கொம்பன் என்று நாங்கள் சொல்லும் பழுப்பு ஆடு மேலே நின்று மென்றுகொண்டிருந்தது. மிளகாயைக் காணோம், சாவியையும் காணோம். சுடலைமணி மட்டும் நம்பவில்லை. "சாமி, ஆடு அட்டைய திங்கும், துணிய திங்கும், சாவிய திங்காது. எட்டு வருசமா இதுவ கூடத்தான கெடக்கேன்" என்றான். "இது பழைய இரும்புச் சாவி இல்லைடா, ரிமோட் சாவி, மேலே ரப்பர்" என்று நான் விளக்கியபோது யோசிக்க ஆரம்பித்தான்.

ஒற்றைக் கொம்பனின் சொந்தக்காரர் கொச்சங்காடி ஹம்ஸா. தங்கமான மனுஷன். ஆட்டை அன்றைக்கே வீட்டில் கட்டிப்போட்டு விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். அவர் மனைவி தினமும் காலையில் ஒரு குச்சியோடு ஆட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். நான் பால் வாங்கப் போனால் தெருவில் நாலு பேர், "வந்நோ சாமி?" என்று கேட்கிறார்கள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த வைத்தீஸ்வரன் காரைச் சுற்றி ஒரு தடவையும் என்னைச் சுற்றி ஒரு தடவையும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இனி இருப்பது உங்களிடம் உள்ள இரண்டாவது சாவி மட்டும்தான். மார்ச்சில் நீங்கள் எல்லோரும் வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே இங்கே வந்தாக வேண்டும். வந்தாலும் உடனே கார் கிளம்பாது, ஐந்தாறு நாளாவது பார்க்க வேண்டியிருக்கும். மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. போன தடவைக்கு முந்திய தடவை கார் எங்கள் வாசலில் நின்றது, நீங்கள் ஆறு நாள் எங்களோடு இருந்தீர்கள். போன தடவை கார் காக்கநாட்டில் நின்றது, எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மத்தியானம். அந்த மத்தியானத்தில் அபிராம் என்னிடம் பேசியது, "தாத்தா, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்ற ஒரு வாக்கியம். அதிதி வரும்போதும் தூக்கம், போகும்போதும் தூக்கம். நீலா அவளுக்காக வார்த்த நெய் தோசையை நான் ராத்திரிக்குச் சாப்பிட்டேன். கார் எங்கே நிற்கிறதோ அங்கேதான் குழந்தைகள் நிற்கும் என்பதை நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கும் பேரக்குழந்தைகள்தானே, அவர்களிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அம்மாவுக்கு நமஸ்காரம் சொல்லவும். விஷ்ணுப்ரியாவுக்கு, மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று சொல்லவும். குழந்தைகள் தீர்க்காயுசோடு, மூக்கு ஒழுகாமல், நிறையப் படித்து, கொஞ்சமாவது தமிழ் பேசி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மையையே விரும்பும்
வாஞ்சிநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஹம்ஸா வந்தார். வாசலில் நின்று, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்கிற மாதிரி, "சாமி, ஒண்ணும் பேடிக்கண்டா. மருமகனுடெ சாவி என் ஆட்டு வயித்துல உண்டெங்கில் அது என் பொறுப்பாணு. நாளை வெள்ளியாழ்ச்ச. அறுத்து எடுத்துத் தராம்" என்றார். அந்த ஆட்டை அவர் மகள் கல்யாணத்துக்கென்று வளர்த்தாராம். எனக்காக இரண்டு மாசம் முன்னாலேயே அறுக்கிறாராம். அறுபத்தொன்பது வயசு வரைக்கும் முட்டைகூடத் தொடாதவன் நான். என் ஒரு பொய்க்கு ஒரு உயிர் போவதா?

சாவியை ஆடு தின்னவில்லை. என் ஹோமியோபதி மருந்துப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. சனிக்கிழமை நான்தான் வைத்தேன். கிடைத்துவிட்டது என்று ஹம்ஸாவிடம் எடுத்துக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். ஆட்டு வாசனை இல்லை, மருந்து வாசனை அடித்தது. என் தோளைத் தட்டிவிட்டு, ஆட்டை அவிழ்த்துவிடப் போனார். உள்ளே வந்தால் நீலா, "எனக்கு முதல் நாளே தெரியும். தலைவலிக்கு மருந்து எடுக்கப் போனப்போ பார்த்தேன்" என்கிறாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வைத்தீஸ்வரனுக்குப் போன் போட்டுவிட்டேன். நாளைக்கு வந்து காரை எடுத்துக்கொள்வான். நான் மேலே எழுதியதில் சாவி பற்றிய பகுதியைத் தள்ளிவிடவும். கார் கிளம்பாது என்றதையும் தள்ளிவிடவும். மற்றபடி மார்ச்சில் எங்கள் வாசலில் கார் இருக்காது மாப்பிள்ளை, நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம். எங்களுக்காகவும் ஒருவர் வரலாமா என்று யோசித்து, இரண்டு வரி எழுதவும். மலையாளத்தில் எழுதினாலும் போதும்.