'உண்மை என எடுத்துக்கொள்க' என்றால் கோபப்படுகிறவர்

கேள்வித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதற்கு விடை தேடிப் பஸ் ஏறிய மனிதர் ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த போட்டிப் பரீட்சை வகுப்பில் அவரும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பதால் எல்லாருக்கும் அவர் ஆதாரம் அண்ணன்.

ஆசிரியர் வேலைக்கான பரீட்சை அது. வயதெல்லை நெருங்கிவிட்டதால் அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை.

ஒருநாள் வகுப்பு எடுக்கும் சேர் ஒரு கேள்வி தந்தார். வெலிமடையில் உருளைக்கிழங்கு விளைச்சல் கூடியதற்குப் புதிய உரமே காரணம் என்பது வாதம். கீழ்வருவனவற்றுள் எது உண்மையாயின் இவ்வாதம் பலப்படும்? அந்த உரம் போடாத தோட்டங்களில் விளைச்சல் கூடவில்லை என்பதை நாங்கள் எல்லாரும் குறித்தோம். ஆதாரம் அண்ணன் பேனாவையே திறக்கவில்லை.

"போடாத தோட்டத்த யாரு போய்ப் பாத்தாங்க சேர்?"

"உண்மைன்னு எடுத்துக்கணும் தம்பி. அதுதான் கேள்வி."

"எதுக்குங்க எடுத்துக்கணும்?"

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு பை நிறைய லீக்ஸ் மரக்கறியோடு வந்து நின்றார். "வெலிமடைக்குப் போய்ட்டு வந்தேன் சேர். அப்பிடி ஒரு உரத்த அங்க யாருக்கும் தெரியல." சேர் தலையில் கையை வைத்துக்கொண்டார். லீக்ஸை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்படியே போனால் மனிதர் தேறமாட்டார் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே இந்தப் பிடிவாதம்?"

"எங்கம்மா பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுக்கப் போனா, ஈரத்துக்குன்னு நிறையில கொஞ்சம் கழிப்பாங்க. மழை நாள்ல சரி. காயுற வெயில்லயும் கழிப்பாங்க தங்கச்சி! கேட்டா, ஈரம்னு எடுத்துக்கன்னு சொல்லுவாங்க. அம்மாவும் எடுத்துக்கிட்டு வெறுங்கூடையோட வருவாங்க. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே ஒடம்பு எரியுது."

சிரிக்கத் தயாராக இருந்த நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். யோசித்துவிட்டுச் சொன்னேன்: "அப்ப அந்த உண்மையக் கைமாத்தா வாங்கிக்குங்கண்ணே. பரீட்சை முடியிற வரைக்கும் உண்மைன்னு வச்சுக்குங்க. மணி அடிச்சதும் திருப்பிக் குடுத்துட்டு, போய்ப் பாருங்க."

"இது நல்லாருக்கே" என்றார்.

பரீட்சையில் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. சுற்றுலாப் பயணிகளால்தான் அங்கே கடைகளுக்கு வியாபாரம் என்பது வாதம். பயணிகள் வராத நாட்களில் விற்பனை விழுகிறது என்பது அதைப் பலப்படுத்தும் விடை. மணி அடித்ததும் அண்ணன் ஓடி வந்தார்.

"குறிச்சிட்டேம்மா! வா, தெமோதரைக்குப் போவோம்."

"அதுல தெமோதரைன்னு இல்லையேண்ணே!"

"ரயில் நிலையம்னு இருக்கில்ல?"

எனக்கும் ஆவல் பற்றிக்கொண்டது, தெமோதரை நிலையத்துக்குக் கூடவே போனேன். அங்கே கடையில் வடை போட்டுக்கொண்டிருந்த அக்கா எங்கள் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "அவங்க படம் புடிச்சிட்டுப் போயிருவாங்க தம்பி. கூட்டத்துல நம்ம சனம் கடைப்பக்கம் வர ஏலாது. அவங்க வராத நாள்லதான் எனக்கு யாவாரம்."

"பொய்யக் குறிச்சிட்டேனே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம். ஆளுக்கு இரண்டு வடை வாங்கினார்.

அந்தப் பொய்யும் சேர்ந்துதான் அவரைத் தேற வைத்தது. இப்போது அவர் தன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பிள்ளைகளையெல்லாம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்த் தராசைப் பார்க்கச் சொல்கிறாராம். அவர் பாடம் நடத்தினால் மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழும்பாதாம்.

சொன்னவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. அவரைப் பற்றி யார் நல்லது சொன்னாலும், போய்ப் பார்க்காமலே உண்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.