வக்கீலய்யா கை நனைக்காத காரணம்

கணபதி, கோயமுத்தூர்
14.6.1995

அன்னூரில் இருக்கும் அன்புத் தம்பி தம்பிதுரைக்கு, மாரியாத்தாள் துணையோடு அக்கா மயிலாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன்ற மாமாவும் மகள் ரித்திகாவும் சௌக்கியம். அங்கே நீயும் பாவாத்தாளும் லோகப்பிரியாவும் எருமைகளும் சௌக்கியமாக இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் பல்லடம் என்ற பேச்சை எடுத்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி. பல்லடத்துச் சம்பந்தம் முறியவே இல்லை. முறிந்துவிட்டதாக நாமாகத்தான் நினைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்துப் பார். பல்லடத்துத் தறிக்காரர் மகன் சுரேந்தருக்கு உன் மகள் லோகப்பிரியாவைப் பேச, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வக்கீல் லட்சுமணசாமி ஐயா என் வீட்டுக்கு வந்தார். ஜாதகம் பொருந்தியாச்சு, குலக் கூட்டமும் வேற வேற, பேச்சு நல்லாத்தான் போச்சு. உன்ற மாமா சும்மா இருக்காம, “ஏனுங்க, நீங்க மாப்பிள்ளை ஊட்டுப் பக்கமுங்களா, எங்க பக்கமுங்களா?”ன்னு கேட்டுப்போட்டாரு. அவரு சிரிச்சுக்கிட்டே, “நான் டிஸ்இன்ட்ரஸ்டட் பார்ட்டிங்க”ன்னாரு. எல்லாரும் என்ற மூஞ்சியைப் பாத்தீங்க. இந்த ஊட்டுல இங்கிலீஷ்னா நாந்தானே, வரவு செலவு எழுதி முடிச்ச கையோட தெனமும் பேப்பர்ல புது வார்த்தை படிக்கறவ. அவருக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லையாமான்னு உன்ற காதுல சொன்னேன். அப்பவும் நீ பொறுமையாத்தான் இருந்தே. இலை போட்டு, ஒப்புட்டு வெச்சு, நெய் ஊத்திக் கூப்பிட்டா, கை நனைக்கறதுக்கில்லைன்னு ஒரு சொம்புத் தண்ணியோட நிறுத்திட்டாரு. சம்பந்தம் வேண்டாங்கறவங்கதானே கை நனைக்க மாட்டாங்க? வார்த்தையும் அதையே சொல்லுது, இலையும் அதையே சொல்லுது. நீ எந்திரிச்சு, “இன்ட்ரஸ்ட் இல்லாதவரு எதுக்குங்க பஸ் ஏறி வந்தீங்க?”ன்னுபோட்டு, கெடைச்ச செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டே. நீ மாட்டிக்கிட்டுப் போனது அவரு செருப்பு. அந்தப் பெரிய மனுஷர் உன்ற தோட்டத்துச் செருப்பைப் போட்டுக்கிட்டு, வார் அறுந்ததை விரலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டே பஸ் ஸ்டாப்புக்குப் போனாரு.

அன்னையில இருந்து லோகப்பிரியா சரியாச் சாப்பிடறதில்லைன்னு பாவாத்தாள் போன்ல சொன்னா. எனக்கு மனசு ஆறலை. மாரியம்மன் கோயிலுக்குப் போயி பூவாக்குக் கேட்டேன். செவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாப் பொட்டலங் கட்டி ஆத்தா முன்னால போட்டு, பொண்ணுக்கு இந்த வருசம் கல்யாணங் கூடுமான்னு கேட்டா, பூசாரி எடுத்துக் குடுத்த பொட்டலத்துல பளிச்சுனு வெள்ளைப் பூ. ஆத்தா கூடுங்கறா, வக்கீலய்யா இன்ட்ரஸ்ட் இல்லைங்கறாரு. ரெண்டுல ஒண்ணு தப்பா இருக்கோணும். ஆத்தா தப்பாச் சொல்ல மாட்டா. அப்ப என்ற இங்கிலீஷ்தான் தப்புன்னு, ஓடியாந்து ரித்திகாவோட டிக்சனரியைப் பிரிச்சேன்.

தம்பி, டிஸ்இன்ட்ரஸ்டட்னா விருப்பமில்லாதவன் இல்லை. தனக்குன்னு ஒரு லாபமும் இல்லாம, எந்தப் பக்கமும் சாயாம நிக்கறவன். விருப்பமில்லாதவனுக்கு அன்இன்ட்ரஸ்டட்னு வேற வார்த்தை இருக்குது. ரெண்டு மருமகளுக வெச்ச குழம்புல எது ருசின்னு சொல்ல, ரெண்டு பேருக்கும் ஒறவில்லாத ஆளு வேணுமல்ல, அவன் டிஸ்இன்ட்ரஸ்டட். குழம்பு கொதிக்கற வாசத்துலயே தூங்கிப்போறவன் அன்இன்ட்ரஸ்டட். படிச்சவங்களே இதை மாத்தி மாத்திப் போடறாங்களாமா.

அப்ப ஏன் கை நனைக்கலை? உன்ற மாமாவை விட்டு அவருக்குப் போன் போடச் சொன்னேன். “ரெண்டு பக்கமும் பேசறவன் ஒரு பக்கத்துச் சோத்தைத் தின்னா பேச்சு அந்தப் பக்கம் சாயுமுங்க. பல்லடத்துலயும் தண்ணிதானுங்க குடிச்சேன்”ன்னாரு. எப்பேர்ப்பட்ட மனுஷர் பாரு. பல்லடத்துல இன்னும் நம்ம பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறாங்களாமா. நீ வேற எடம் பாக்கறதை நிறுத்திப்போட்டு வெள்ளிக்கிழமை காலையில இங்க வா. அவரு செருப்பைத் தொடைச்சு எடுத்துக்கிட்டு வா. ஆத்தா பொண்ணுக்குத் தாலியும் உனக்குப் பொறுமையும் குடுக்கட்டும். பாவாத்தாளுக்கு என் அன்பு, எருமைகளுக்குப் புண்ணாக்கு.

அக்கா,
மயிலாத்தாள்

பி.கு: கவரை ஒட்டப் போறப்ப வக்கீலய்யாவே வந்துட்டாரு, உன்ற செருப்புக்குப் புது வார் தெச்சுக் குடுத்துட்டுப் போறதுக்கு. மத்தியான நேரம், இலை போட்டேன். கை நனைச்சாரு தம்பி. ஒப்புட்டை மறுக்காவும் கேட்டு வாங்கித் தின்னாரு. கையைத் தொடைச்சுக்கிட்டு, “அம்மணி, இனி நான் டிஸ்இன்ட்ரஸ்டட் இல்லீங்க. பல்லடத்துக்காரங்களுக்காக உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க விசாரிக்க, எங்க தம்பி மகன் அருள்குமாருக்கே கேக்கலாம்னு தோணிப்போச்சுங்க”ன்னாரு. ஆத்தாகிட்டக் கேக்கறப்ப நானும் மாப்பிள்ளை பேரைச் சொல்ல மறந்துபோட்டேன். வெள்ளைப் பூ யாருக்குன்னு தெரியலை. மேலே எழுதினது எதையும் இப்பச் செய்யாதே. முதல்ல லோகப்பிரியாவைக் கேளு, நாம இத்தனை நாளாக் கேக்காம விட்டது அவளை மட்டுந்தான். எனக்குச் சுரேந்தரைத்தான் புடிச்சிருக்குது, அதனால நானும் நடுவுல நிக்க முடியாது. எந்தப் பக்கமும் சாயாம மிச்சம் இருக்கறது உன்ற மாமா ஒருத்தருதான். அவரு தலகாணியில சாஞ்சு தூங்கறாரு. அதுக்குப் பேரு வேற, மேலே எழுதியிருக்கறேன், பாத்துக்கோ.