அக்கரையில் யாருமில்லை

மேட்டுநாடும் பள்ளநாடும் ஏழு தலைமுறையாகப் பகைநாடுகள். இடையில் ஓர் ஆறு. ஆறு என்றால் முழங்கால் அளவுத் தண்ணீர். ராஜாக்கள் முறைத்துக்கொண்டிருக்க, குடிமக்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சம்பந்தம் பேசிவிட்டு வந்தார்கள். ஒழுங்காகப் பகை பாராட்டக்கூட மேட்டுநாட்டாராகிய நமக்குத் துப்பில்லை.

மாடக்கண்ணுவின் அக்கா பூவாயி வாழ்க்கைப்பட்டது அக்கரையில்தான். ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணமேடை ஏறுவது அவர்களில் வழக்கமில்லை. அவனும் பட்டுச்சேலை எடுத்துத் தயாராக இருந்தான்.

அந்த நேரம் பார்த்து இரண்டு ராஜாக்களுக்கும் சமாதான ஆசை வந்து தொலைத்தது. சுற்றுலா வளர்ந்தால் வியாபாரம் வளரும், வியாபாரம் வளர்ந்தால் சண்டை ஒழியும் என்று சேர்ந்து பாலம் கட்டினார்கள். நாம் கைதட்டினோம். அதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. மறுநாளே ஆற்றில் கால் வைப்பது குற்றமாயிற்று. அடுத்த வாரம் பாலத்தில் ஏறச் சுற்றுலா அட்டை வேண்டும் என்றார்கள். அட்டை கேட்டுப் போன மாடக்கண்ணுவுக்கு அமைச்சர் செம்மலையார் நேரிலேயே விளக்கம் அளித்தார்.

"உறவைப் பார்க்கப் போகிறவன் விருந்தாளி. அவன் விடுதியில் தங்கமாட்டான், கடையில் சாப்பிடமாட்டான். அவனால் சமாதானத்துக்கு என்ன லாபம்? அக்கரையில் தமக்கு யாருமில்லை என்று எழுதிக் கொடுப்பவருக்கே அட்டை."

"கூடப் பொறந்தவ இருக்காளேய்யா."

"அப்படியானால் உமக்குச் சுற்றுலா இல்லை."

மாடக்கண்ணு நாளை எண்ணிப் பார்த்தான். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். ஒரு தாளில் எழுதுவதால் அக்கா இல்லை என்றாகிவிடுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதிக் கொடுத்தான். அவனைப் பார்த்து ஊரே எழுதிக் கொடுத்தது. நமக்கு எதிலும் முதலில் ஒருவன் விழ வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாண வீட்டு வாசலில் பள்ளநாட்டு அதிகாரி நின்றார். அங்கேயும் அதே சட்டம். தம்பியைப் பயணியாகவாவது வீட்டுக்குள் விடுவதற்காகப் பூவாயியும் எதிர்க்கரையில் யாருமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இவர் யார் என்று அதிகாரி கேட்டார். அவள் தம்பியின் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள்.

"கல்யாணம் பாக்க வந்த அசலூருக்காரருங்க."

மாலையை யாரோ போட்டார்கள். தாய்மாமன் கடைசி வரிசையில் பயணிகளோடு உட்கார்ந்து பார்த்தான். பயணிகள் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் வாய்விட்டு அழுதான்.

ஐப்பசியில் ராஜாக்களுக்குள் பாலத்து வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு முற்றியது. நம் ராஜா போர் அறிவித்தார். அரண்மனை முற்றத்தில் கூட்டம் முணுமுணுத்தது. செம்மலையார் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"குடிமக்கள் கலங்க வேண்டாம். அக்கரையில் தமக்கு ஒருவருமில்லை என்று நீங்கள் அனைவரும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே நமது பீரங்கியால் நம்மில் யாருக்கும் இழப்பில்லை."

மாடக்கண்ணு எழுந்தான்.

"நான் எழுதுனது பொய்யிங்க. எனக்கு அங்க அக்கா இருக்கா."

காவலர்கள் அவனை இழுத்துப் போனார்கள். வேறு யாருக்காவது உறவு உண்டா என்று அமைச்சர் மூன்று முறை கேட்டார். நாம் ஒருவரும் எழவில்லை. பொய் எழுதியது தெரிந்தால் சுற்றுலா அட்டையைப் பிடுங்கிவிடுவார்களே.