பிஞ்சுநேசனின் சட்டைப் பை

குழந்தைக் கவிஞர் என்றோர் இனம் உண்டு. தாம்பரம் கிழக்கில் இறங்கி, கேம்ப் ரோடு வழியாகச் சேலையூர் வரை நடந்தால், இரண்டு பேரையாவது தாண்டித்தான் போவீர்கள். அடையாளம் கேட்கிறீர்களா? ஐம்பது வயதுக்குக் கீழே இந்த இனம் தென்படாது. சட்டைப் பை புடைத்திருக்கும். உள்ளே ஆரஞ்சு மிட்டாய். எதிரே ஒரு குழந்தை வந்துவிட்டால் போதும், இடுப்பை வளைத்து, குரலை ஒரு கட்டை உயர்த்தி, "பாப்பா, தாத்தா ஒரு பாட்டு சொல்லட்டுமா?" என்பார். குழந்தை அம்மாவின் பின்னால் ஒளியும். அம்மா அதைப் பிடித்து முன்னால் தள்ளுவார். அங்கே இலக்கியம் தொடங்கும்.

இந்த இனத்தின் முற்றிய மாதிரி வேண்டுமென்றால் எங்கள் குப்புராஜ்தான். குப்புராஜ் என்ற பெயர் அவர் மனைவி சரசுவுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமே தெரியும். உலகத்துக்கு அவர் 'பிஞ்சுநேசன்'. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலிழை கூடினாலும் குறைந்தாலும் போல்ட்டைச் சிவப்புப் பெட்டிக்குள் எறிந்து பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு போல்ட் போய்ப் பாட்டு வந்தது. சிவப்புப் பெட்டி மட்டும் போகவில்லை. கடைசியில் ஒரு நற்கருத்து இல்லாத பாட்டு அவரிடம் தேறாது. அதனால் அவருடைய யானை வரிசையில் நிற்கும். அவருடைய குரங்கு வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடி அலையும். அவருடைய நிலாகூடச் சீக்கிரம் தூங்கப் போய்விடும். முயலோ,

குட்டி முயலே குதித்து வா,
கேரட் துண்டைக் கடித்து வா,
கடித்த பின்னே பல்லைத் தேய்,
கண்டிப் பாக நகத்தை வெட்டு!

முயல் நகத்தை வெட்டினால் எப்படிப் பள்ளம் தோண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். குழந்தைகளும் கேட்டார்கள். பிஞ்சுநேசன் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

புத்தக வெளியீட்டு விழாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முன்வரிசையில் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்த குழந்தைகள். பின்வரிசைகளில் மற்ற குழந்தைக் கவிஞர்கள், அவரவர் சட்டைப் பையோடு. பிஸ்கட் பாக்கெட்டை விழா முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் அனுபவப்பட்டுக் கற்றது. முன்னாலேயே கொடுத்த ஒரு வருஷம் வாழ்த்துரைகள் ஒன்றும் காதில் விழவில்லை, நொறுக்கும் சத்தம். பொன்னாடை வரும், 'மழலைச் செம்மல்' வரும், 'மழலைச் செம்மல்' பட்டம் வாங்கிய இன்னொருவர் எழுந்து அதைப் பாராட்டவும் செய்வார்.

இவ்வளவும் வந்த பிஞ்சுநேசனுக்கு ஒன்று மட்டும் வரவில்லை. ஒரே ஒரு குழந்தைகூட, மிட்டாய் இல்லாமல், டீச்சர் முறைக்காமல், தானாக அவருடைய பாட்டைப் பாடி அவர் கேட்டதில்லை. மாலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு மாடி பால்கனியில் வந்து நிற்பார். "துணி எடுக்கறேன்" என்பார் சரசுவிடம். கொடியில் துணி இருக்காது.

கீழ் வீட்டில் மொபைல் கடை முனீரின் மகள் கைனாத், மூன்றாம் வகுப்பு. அவர் சோதனைச்சாலை அவள்தான்.

"பாப்பா, புதுப் பாட்டு கேக்கறியா?"

"மிட்டாய் முதல்ல, தாத்தா."

"பாட்டு முதல்ல."

"நீளப் பாட்டா? அப்ப ரெண்டு மிட்டாய்."

ஒரு நாள் மாலை வேன் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளேயிருந்து பாட்டு வந்தது. மொத்த வேனும் பாடியது. பிஞ்சுநேசன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

பாட்டுத் தாத்தா வராரு,
பையில கைய விடறாரு,
மிட்டாய வாங்கி முழுங்கிக்கோ,
காத ரெண்டையும் பொத்திக்கோ!

அவர் கீழே இறங்கி வந்தபோது பாட்டு சட்டென்று நின்றது. டிரைவர் சாலமன்தான் தலையைச் சொறிந்தான்.

"கோச்சிக்காத சார். கைனாத் பாப்பா எட்த்து வுட்ட பாட்டு. நாக்குல ஒட்டிகிச்சு. வூட்ல என் பொண்டாட்டியே பாத்திரம் கழுவிகினு பாடினு கீறா, இன்னா பண்ண சொல்ற?"

கோபப்பட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அன்று இரவுச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் பாட்டு கேம்ப் ரோடு முழுக்கப் பரவியது, டியூஷன் வாசலில் கேட்டது, பள்ளிக்கரணையிலிருந்து சரசுவின் தங்கை போன் செய்து, "அத்தான், எங்க அபார்ட்மென்ட் பசங்ககூடப் பாடுதுங்க, அந்தத் தாத்தா நீங்களாமே!" என்று சிரித்தாள். பதினொரு புத்தகம் போட்டும் போகாத இடமெல்லாம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துணியே இல்லாத கொடியருகே நின்று அவர் புன்னகை செய்வதைச் சரசு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குல்ல?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனாவா? ஐயோ, வேணாங்க. அதை அப்படியே விட்டுடுங்க."

விடுவாரா? தரம் பார்த்த கை. முழுங்குவதாம், காதைப் பொத்துவதாம், குழந்தைகளுக்கு இதில் என்ன கருத்து போய்ச் சேரும்? இரண்டு நாள் உட்கார்ந்து பழுது பார்த்தார். கலரில் அச்சடித்தார். லேமினேட் செய்தார். வேன் வந்ததும் ஆளுக்கொன்று கொடுத்தார், மிட்டாயோடு.

பாட்டுத் தாத்தா வருகின்றார்,
பண்பும் அறிவும் தருகின்றார்,
மென்று தின்போம் மிட்டாயை,
மீண்டும் துலக்குவோம் பற்களையே!

கீழே, 'கரு: செல்வி கைனாத். மெருகு: மழலைச் செம்மல் பிஞ்சுநேசன்.'

கைனாத் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது யாரு பாட்டு, தாத்தா?"

"உன் பாட்டுதான் பாப்பா. தாத்தா கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. "எனக்கு வேணாம்" என்று அட்டையைக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மிட்டாயையும் கொடுத்தாள்.

மறுநாள் வேன் வந்தது. ஹார்ன் சத்தம் மட்டும் வந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

"ஜோரா ஓடிகினு இருந்த பாட்டு சார். புட்டுகிச்சே" என்றான் சாலமன்.

பிஞ்சுநேசன் மாடிக்குப் போய் வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் கழித்து அவர் வாய் தானாக முணுமுணுத்தது. மெருகேறிய பாட்டு அல்ல, பழையது. "காத ரெண்டையும் பொத்திக்கோ" வரும்போது விரல் கம்பியில் தாளம்கூடப் போட்டது. அந்த வட்டாரத்தில் கடைசியாக அதைப் பாடியவர் அவர்தான்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கைனாத்தின் பாட்டைப் படித்தபோது, 'மிட்டாயை முழுங்கினால் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே' என்று ஒரு விநாடி மனத்தில் ஓடியதா, இல்லையா?

ஓடியதென்றால் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு மிட்டாய் வெயிலில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.