விருந்து வாசலில் நான் வாசித்த அட்டைகள்

அன்புத் தங்கை வெர்டெல்லுக்கு அண்ணன் எல்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லாம் சௌக்கியம். அங்கே உன் முழங்கால்களும், மாப்பிள்ளை ரூஃபஸின் முதுகும், டொலீடோ நகரத்தின் மற்ற பகுதிகளும் சௌக்கியமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன. எவ்வளவு அடக்கினாலும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கரண்டி பிடித்த கை; பேனா கொடுத்தாலும் கிண்டத்தான் பார்க்கிறது. அடுப்பில் பீன்ஸ் வேகிற நேரத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் பீன்ஸ்தான் முதலில் முடிகிறது.

என் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை என் பெயரில் உனக்கு வந்தவை எல்லாம் நான் சொல்லச் சொல்ல, நான் சமைத்துப் போடுகிற இந்த மாணவர் சங்க வீட்டுப் பையன்கள் எழுதியவை. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெட்டி வால்நட் கேக் அனுப்பச் சொன்ன வரி என்னுடையது அல்ல. கேக் அருமை என்று நன்றி சொன்ன வரியும் என்னுடையது அல்ல. எனக்கு ஒரு துண்டுகூட வரவில்லை. நூலகத்து மாலை வகுப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள். இப்போது நான் கஞ்சி டப்பா வாசிக்கிறேன், தெருப்பலகை வாசிக்கிறேன், மாத்திரைச் சீட்டு வாசிக்கிறேன். நான் வேலை செய்கிற இந்த வீட்டின் நெற்றியில் இருக்கிற மூன்று எழுத்துகளை மட்டும் இன்னும் வாசிக்க முடியவில்லை. அவை சங்கத்தின் பெயராம், கிரேக்க எழுத்துகளாம். உள்ளே குடியிருக்கிற பையன்களைக் கேட்டேன். அவர்களுக்கும் அந்த மூன்றைத் தவிர வேறு கிரேக்க எழுத்து தெரியாதாம். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டை மூடப் போகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பின் அறையைக் காலி செய்து எனக்குப் படுக்கை போடப்போவதாகச் சொல்லியிருந்தாய். படுக்கை போடாதே. நான் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பனிக்காலத்தில் இங்கே நடந்த விருந்து உனக்குத் தெரியும். மாடியில் இருந்த சோபாவைக் கீழே கொண்டு வந்தார்கள், படிக்கட்டு வழியாக அல்ல. அதைச் செய்தவன் பையன்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆபத்துத் தடுப்புச் செயலர். அதே இரவில் ஒரு பையன் அளவில்லாமல் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்க, வெளியே தெரிந்தால் வம்பு என்று மாடியில் கோட்டுக் குவியலுக்கு நடுவே படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம். பல்கலைக்கழக அலுவலகம் வீட்டைக் கண்காணிப்பில் போட்டது. இன்னும் ஒரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் பூட்டு. பையன்கள் வேறு விடுதிக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவது? என் சமையற்கட்டும், அதற்கு மேலே இருக்கிற என் அறையும் இந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டவை.

வசந்தத்தில், எதிர்ச்சாரியில் மாணவிகள் குடியிருக்கிற சகோதரியர் இல்லத்தோடு சேர்ந்து ஒரு விருந்து வைக்க அனுமதி கிடைத்தது. அனுமதியோடு விதிகளும் வந்தன. கண்ணாடிப் பாட்டில் கூடாது, பீப்பாய் கூடாது, விஸ்கி மாதிரிச் சாராயம் வாசலைத் தாண்டக் கூடாது, ஒருவர் ஆறு டப்பா பீர்தான் கொண்டு வரலாம், அதையும் உள்ளே ஒரு மேஜையில் ஒப்படைத்துவிட்டு ஓர் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு டப்பாவை எடுக்கும்போதும் அட்டையில் ஓட்டை போடுவார்கள், இருபத்தோரு வயது ஆனவர்களுக்கு மட்டும் மணிக்கட்டில் பட்டை, சாப்பாடும் தண்ணீரும் கட்டாயம், ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிக்க வேண்டும், வாசல் ஒன்றே ஒன்று, அந்த வாசலில் நிற்பவர் அன்றைக்கு ஒரு சொட்டும் தொடாதவராக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் பையன்கள் தடுக்கி விழுந்தார்கள். வருகிறேன் என்ற காவலர் மத்தியானமே வரவில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுத் தலைவன் ட்ரென்ட் சமையற்கட்டுக்குள் ஓடி வந்தான்.

"மிஸ்டர் எல்பர்ட், நீங்க குடிக்க மாட்டீங்கதானே?"

"ஞானஸ்நானம் வாங்கினதுல இருந்து இல்லப்பா."

"வாசல்ல நிக்கிறீங்களா? ஒண்ணும் பெரிய வேலை இல்ல. அடையாள அட்டைய வாங்கிப் பாக்கணும், பட்டை கட்டணும், உள்ள விடணும். இப்ப உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே!"

வெர்டெல், அந்தக் கடைசி வாக்கியத்தை இதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் உடனே ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வரிசை வந்தது. முதல் பெண் அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிம அட்டையை நீட்டினாள். அடடா, எவ்வளவு சின்ன அட்டை, அதில் எவ்வளவு எழுத்து! வாசிக்கத்தானே நிறுத்தியிருக்கிறார்கள் என்று முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். பெயர், நடுப்பெயர், தெரு, ஊர், உயரம், எடை, கண்ணின் நிறம். கண்ணின் நிறத்தைச் சரிபார்க்க என் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. எடையைச் சத்தமாக வாசிக்கக் கூடாது என்பதை மூன்றாவது பெண் எனக்குச் சொல்லித் தந்தாள். அதன் பிறகு எடையை மனதுக்குள் வாசித்தேன். ஒருத்தியின் அட்டையில், இறந்தால் உடல் உறுப்புகளைத் தானம் செய்யச் சம்மதம் என்று இருந்தது. "ஏம்மா, ஒரு சாயங்கால விருந்துக்கு இவ்வளவு தூரம் தயாராவா வந்தே?" என்று கேட்டேன். இன்னொருவனுக்குக் கண்ணாடி அணிய வேண்டும் என்று போட்டிருந்தது, ஆனால் அணியவில்லை. எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். "கண்ணுக்குள்ள லென்ஸ் போட்டிருக்கேன் சார்" என்றான். அது அட்டையில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பதுதானே கணக்கு?

வேறு மாநிலத்து அட்டை ஒன்றை நீட்டினான் ஒரு பையன். உயரம் ஆறடி இரண்டு அங்குலம் என்று வாசித்தேன். அட்டைக்கு மேலாகப் பார்த்தேன், யாருமில்லை. கீழே பார்த்தேன், இருந்தான்.

"தம்பி, மிச்சம் எங்கே?"

"வளந்துட்டு இருக்கேன் சார்."

"வளந்து முடிச்சிட்டு வா."

வரிசை மேப்பிள் மரத்தைத் தாண்டி, சகோதரியர் இல்லத்தைத் தாண்டி, லூத்தரன் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நடுவில் தேவாலயத்து ஆள் ஒருவர், இவ்வளவு பேர் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சேர்ந்துகொண்டார். பையன்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

"மிஸ்டர் எல்பர்ட், பிறந்த தேதி மட்டும் பாத்தா போதும்!"

"மத்ததெல்லாம் சும்மாவா அச்சடிச்சிருக்காங்க?"

"பாட்டு போடுறவனும் நானும்தான் உள்ள ஆடிட்டு இருக்கோம்!" என்றான் ட்ரென்ட்.

சாப்பாடு கட்டாயம் என்பதற்காக ஊருக்கே போதும்படி பீன்ஸும் இறைச்சியும் போட்டுச் சில்லி கிண்டி, சோள ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். உள்ளே சாப்பிட ஆள் இல்லை. ஆறிப் போகுமே என்று அண்டாவை வாசலுக்கே கொண்டு வரச் செய்தேன். ஒரு அட்டை வாசிப்பேன், ஒரு கிண்ணம் நீட்டுவேன். அடுத்த அட்டை, அடுத்த கிண்ணம். சகோதரியர் இல்லத் தலைவி மார்லீஸ், அன்றைக்குக் குடிக்காமல் காவல் இருக்கிற முறை அவளுடையது, வரிசை நெடுகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. உள்ளே ஆறு டப்பாவுக்கு மேல் கிடையாது என்பதால், வருவதற்கு முன்பே அவரவர் அறையில் குடித்து அஸ்திவாரம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆஸ்கர் என்று ஒரு பையன் அஸ்திவாரத்தோடு நிற்காமல் கட்டடமே கட்டிவிட்டு வந்திருந்தான். வேறு விருந்தாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் உள்ளே நுழைந்து மாடியில் எங்காவது சுருண்டிருப்பான், யாருக்கும் தெரிந்திருக்காது. வரிசை நகராததால் எல்லார் கண் எதிரிலும், என் அண்டாவுக்குப் பக்கத்தில் சாய்ந்தான். கூப்பிட்டோம், உலுக்கினோம், எழவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. உதடு நீலமாக இருந்தது.

ட்ரென்ட் ஓடி வந்தான். முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது.

"யாரும் ஃபோன் பண்ணாதீங்க. மேல தூக்கிட்டுப் போய் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிடலாம். தூங்கினா சரியாயிடும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க," என்றேன்.

"ஆம்புலன்ஸ் வந்தா வீடு போச்சு மிஸ்டர் எல்பர்ட். உங்க வேலையும் போச்சு, அறையும் போச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த நிமிஷம் உன் பின் அறை என் கண் முன்னால் வந்தது, வெர்டெல். தையல் மிஷின், ரூஃபஸின் தூண்டில்கள், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எனக்கு அடுப்பு கிடையாது. நீ என்னை அடுப்பின் பக்கம் விடமாட்டாய். வாசல் கதவில், இப்படி யாராவது விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பழக்க தோஷத்தில் வாய் அதை வாசிக்கத் தொடங்கிவிட்டது. "எழுப்ப... எழுப்ப முடி... முடியாவிட்டால்..."

"தாத்தா! படிக்கிறத நிறுத்திட்டு ஃபோன எடுங்க!" என்று கத்தினாள் மார்லீஸ்.

வாய்தான் வாசித்துக்கொண்டிருந்தது, கை ஏற்கெனவே ஃபோனில் எண்களை அழுத்திவிட்டது. அண்ணன் மெதுவானவன்தான், எல்லாவற்றிலும் இல்லை. வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லிவிட்டு, ஆஸ்கரை ஒருபுறமாகச் சாய்த்து, என் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்து, மூச்சு வருகிறதா என்று மார்லீஸும் நானும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ட்ரென்ட் தன் சட்டையைக் கழற்றி அவன் மேல் போர்த்தினான். ஆம்புலன்ஸ் வந்தது, போனது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆஸ்கர் இப்போது சௌக்கியம். வந்து என்னிடம் முட்டையும் பன்றி இறைச்சியும் வாங்கித் தின்றுவிட்டு, கோட்டைச் சலவை செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து திருமதி லிண்ட்குவிஸ்ட் வந்தார். சிரிக்கிற ரகம் இல்லை. நான் என் பெட்டியை முந்தின நாளே கட்டி வைத்துவிட்டேன்.

"ஃபோன் பண்ணது யாரு?"

"நான்தாம்மா."

"வேண்டாம்னு யாராவது தடுத்தாங்களா?"

ட்ரென்ட் என் பக்கத்தில்தான் நின்றான். எனக்கு அவனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை.

"அந்த நேரம் நான் வாசிச்சிட்டு இருந்தேம்மா. வாசிக்கும்போது எனக்கு வேற எதுவும் காதுல விழாது."

"நான் தடுத்தேன் மேடம்," என்றான் ட்ரென்ட். யாரும் அவனைக் கேட்கவில்லை. தானாகச் சொன்னான்.

திருமதி லிண்ட்குவிஸ்ட் அதை எழுதிக்கொண்டார். பிறகு, உதவிக்குக் கூப்பிட்டது தப்பில்லை, மறைத்திருந்தால்தான் தப்பு என்றார். இனி வருகிற ஒவ்வொரு புதுப் பையன் முன்னாலும் ட்ரென்ட் நின்று, போன தடவை என்ன செய்தான், இந்தத் தடவை என்ன செய்யப் பார்த்தான் என்று சொல்ல வேண்டுமாம். அதுதான் தண்டனை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"விருந்துக்குள்ள எப்படி? கட்டுப்பாடா குடிச்சாங்களா?"

"உள்ள போனாத்தானேம்மா குடிக்கிறதுக்கு."

பத்து மணிக்கு விருந்து முடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஒரு காரில் அடங்குவார்கள். உடைந்த பொருள் இல்லை, சோபா மாடியிலேயே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் வயிறு நிறையச் சில்லி தின்றுவிட்டு, தெளிந்த புத்தியோடு வீட்டுக்கு நடந்து போனார்கள். அவர்களில் இரண்டு ஜோடிக்கு வரிசையிலேயே காதல் ஏற்பட்டிருக்கிறது. தேவாலயத்து ஆள் சமையல் குறிப்புக் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் எல்லா விதிகளின்படியும் நடந்த விருந்து இது ஒன்றுதான் என்று திருமதி லிண்ட்குவிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வீடு தப்பியது. நான் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

ஆகவே தங்கச்சி, படுக்கையும் வேண்டாம், பின் அறையைக் காலி செய்யவும் வேண்டாம். ரூஃபஸின் தூண்டில்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை அடுத்த விருந்து. வாசல் மறுபடி என்னுடையதுதான் என்று நினைக்கிறேன், யாரும் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

ரூஃபஸுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், ஆளுக்கு ஒரு முத்தம், சின்னவனுக்கு மட்டும் இரண்டு. அவன் பெயரை எழுதிப் பார்த்தேன், கடைசி எழுத்து வரவில்லை. பீன்ஸ் தீய்கிற வாசனை வருகிறது. அடுத்த வாரம் கட்டாயம் மறுபடி எழுதுகிறேன், அதற்குள் அந்த எழுத்தையும் பழகிவிடுவேன்.

உன் அண்ணன்,
எல்பர்ட் கேஸ்கின்ஸ்

பின்குறிப்பு: படுக்கை போடு. இந்த வீட்டில் முதல்முறையாக எல்லாரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் மிகவும் உழைத்துவிட்டேனாம், எனக்கு ஓய்வு வேண்டுமாம். வெள்ளிக்கிழமை டொலீடோ போய்த் திங்கட்கிழமை திரும்ப பஸ் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாசலுக்கு வேகமாக வாசிக்கிற காவலர்கள் இரண்டு பேர் வருகிறார்களாம். ஆம்புலன்ஸ் எண் அவர்களுக்கு மனப்பாடமா என்று கேட்டேன். ட்ரென்ட் தனக்கே மனப்பாடம் என்று ஒப்பித்துக் காட்டினான். எதற்காக என்னை அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டேதான் வாங்கிக்கொண்டேன். டிக்கெட்டின் பின்பக்கமும் பொடி எழுத்து நிறைய இருக்கிறது, வழி முழுவதும் போதும். அடுத்த வாரக் கடிதம் வராது. இந்தக் கடிதத்தையும் தபாலில் போடவில்லை. நானே எடுத்து வந்து, உன் சமையற்கட்டில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து உனக்கு வாசித்துக் காட்டுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டை முடித்த பிறகுதான் தொடங்குவேன். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.