செமோர் ரோட்டில் நான் பிரேக் போட்ட காரணம்

நீதிமன்றத்தில் சத்தியம் செய்த கையோடு, இல்லாத ஒரு நாயைப் பற்றிப் பொய் சொன்னவன் நான். அந்த நாய்க்கு நிறம்கூட நான்தான் கொடுத்தேன். (முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு.) நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டு கடை கடையாக டின் போடுகிற வேலை. சிலிபினில் ஒரு வாடகை அறை, காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, தெருவைப் பெருக்குகிற பெல்பாட்டம். எங்கள் குடும்பத்தில் ரப்பர் தோட்டத்துப் பால்மரம் சீவாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் நடையிலேயே தெரியும். "என்னைப் பாத்தா தோட்டத்து ஆளு மாதிரியா இருக்கு?" என்று டீக்கடையில் கேட்பேன். "சேச்சே, இல்லலா மச்சான், சினிமாக்காரன் மாதிரில்ல இருக்கே!" என்பார்கள். அது கேலி என்று எனக்குப் புரியவே பல வருடம் பிடித்தது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, வேன் நிறைய டின்களோடு பக்கத்து ஊரான செமோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில், காய்ந்த ரோடு, எதிரே ஒரு வண்டி கிடையாது. கண்ணாடியில் என் கிருதாவின் அழகைப் பார்த்தேன். கிருதாவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் தோட்டத்துக் கிராணியின் கார்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் எழுதுகிறவர். பேச்சுக்கு அவ்வளவுதான். எங்களுக்கோ அவர்தான் அரசாங்கம். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது அவர். லயத்து வரிசை வீட்டில் கூரை ஒழுகினாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் கார் வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, கார் போகும்வரை தலை குனிந்து நிற்க வேண்டும். எந்தச் சுவரிலும் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் அது. அப்பா இறங்குவார், கேரியரில் உட்கார்ந்திருக்கும் நானும் தொப்பென்று குதிப்பேன். நடக்கப் பழகிய கையோடு நான் பழகிய வித்தை அதுதான்.

ஆகவே, அன்றும் இறங்கினேன். அதாவது, ஒரே மிதியாகப் பிரேக்கை மிதித்து, வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, இறங்குவதற்காகக் கதவில் கையை வைத்தேன். (ஓரமாக நிறுத்தலாம் என்ற அறிவு சைக்கிளோடு போயிற்று.) டமார்! கறுப்புக் கார் வேனின் முதுகில் ஏறியது. பின்கதவு பிளந்து, பிஸ்கட் டின்கள் ரோடெல்லாம் உருண்டு ஓடின.

கிராணி இறங்கி வந்தார். அடி ஒன்றும் படவில்லை. வெள்ளைச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த நிலையிலும் எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"என்னாடா இது?" என்றார்.

"தப்பு என்னுதுதாங்கய்யா."

"யாரு மவன் நீ?"

"மாரிமுத்து மவங்கய்யா. அஞ்சாம் நம்பர் லயம்."

"மாரிமுத்து மவனா? வண்டியெல்லாம் ஓட்டுறியா?"

"தெரியாம ஓட்டிட்டேங்கய்யா. மன்னிச்சுருங்கய்யா."

இதோடு வாயை மூடியிருந்தால் பரவாயில்லை. நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய், 'தவறு முழுவதும் என்னுடையதே' என்று புகாரில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக வேறு இருக்கும்.

மறுநாள் கம்பெனிக்கு வந்த இன்சூரன்ஸ்காரர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பின்னால வந்து இடிச்சது அவரு. தப்பு ஒன்னுதுன்னு ஏன்யா எழுதுன?"

"பெரியவருங்க..."

"ரோட்டுல ஏதுய்யா பெரியவரு, சின்னவரு? சரி, எதுக்கு பிரேக் போட்ட? அதச் சொல்லு."

மேனேஜர் பார்க்கிறார், ஆபீஸ் பெண்கள் பார்க்கிறார்கள். கிருதா வைத்த ஒருவன் அந்த இடத்தில் எப்படி உண்மையைச் சொல்வான்? "நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சுங்க" என்றேன். நாய் பிறந்தது இப்படித்தான்.

கிராணியின் இன்சூரன்ஸ் கம்பெனி என் முத்தான கையெழுத்தைக் காட்டி, ஒன்றும் தர முடியாது என்றது. எங்கள் பக்கம் வழக்குப் போட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டார். "கோர்ட்டு ஒன்மேல தப்புன்னு சொன்னா வேலை போச்சு. அதுவரைக்கும் ஸ்டோர்ல இரு" என்றார். ஒன்றரை வருடம் ஸ்டோரில் உடைந்த பிஸ்கட் பொறுக்கினேன். வேலை போனால் பெல்பாட்டத்தோடு தோட்டத்துக்குத் திரும்பி, அதே கிராணி முன்னால் பெரட்டில் நிற்க வேண்டும். அதை நினைத்தால் ராத்திரி சோறு இறங்காது.

வழக்கு நாள் வந்தது. அப்படி ஓர் அறையை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. கறுப்புக் கோட்டுப் போட்ட எங்கள் வக்கீல் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து கடைசி பெஞ்சில் இருந்தார்.

கிராணி உள்ளே வந்தார். அப்பா விருட்டென்று எழுந்து நின்றார். அதைப் பார்த்த காவலர், மாஜிஸ்திரேட்தான் வருகிறார் என்று நினைத்து விறைப்பாக நின்றார். காவலரைப் பார்த்து வக்கீல்கள் எழுந்தார்கள். மொத்த அறையும் எழுந்து நிற்க, கிராணி நடுவில் நடந்து வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், வழக்கு தோற்றது என்று முடிவு செய்துவிட்டேன்.

கூண்டில் ஏறியதும் என் ஆங்கிலம் ஓடிவிட்டது. தமிழில் சொல்கிறேன் என்றேன். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினார்கள். கிராணி தரப்பு வக்கீல் சாவகாசமாக எழுந்தார்.

"நாய் என்ன நிறம்?"

"வெள்ளைங்க."

"எந்தப் பக்கமிருந்து வந்தது?"

"இடது பக்கங்க."

அவர் போலீஸ் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். "இடது பக்கம் முழுக்க ஈயச் சுரங்கக் குட்டை. நாய் நீந்தி வந்ததா?"

"அதான்... சேறு பட்டுக் கறுப்பா இருந்துச்சுங்க."

அறை சிரித்தது. எங்கள் வக்கீல் அம்மா கண்களை மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. சின்ன வயது மனிதர்தான். ஆனால் கண்ணாடியைக் கழற்றி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்கள். ஏன் நிறுத்தினீர்கள்?"

"கிராணி ஐயா கார் வந்துச்சுங்க," என்றேன். "அதான் எறங்கப் போனேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னிடம் குனிந்து, "தம்பி, இதையேதான் சொல்லச் சொல்றியா?" என்றார்.

"ஆமாங்க. அவரு கார் வந்தா நாங்க எறங்கிருவோம். சைக்கிள்ல எறங்கிப் பழக்கம். வேனுன்னு கால் மறந்துருச்சு."

அவர் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அந்தக் குட்டையிலேயே விழுந்து தொலைத்திருக்கலாம் போலிருந்தது.

அடுத்து கிராணி ஏறினார். மாஜிஸ்திரேட் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "முன்னால் வேன் நின்றதைப் பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் ஏன் பிரேக் போடவில்லை?"

கிராணி என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் மணி மணியாகப் பேசக்கூடியவர், ஏனோ தமிழில் சொன்னார்.

"முப்பது வருஷமா என் காருக்கு முன்னால எவனும் நின்னதில்லைங்க. எல்லாரும் ஒதுங்கிருவாங்க. இவனும் ஒதுங்கிருவான்னு நெனச்சேன். பிரேக் போடணும்னே தோணல."

நான் மலைத்துப் போனேன். அவரும் ஒரு நாயைக் கொண்டுவந்திருக்கலாம். அவர் கொண்டுவந்தால் அந்த நாயை யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பயத்தால் மட்டுமே நான் மதித்து வந்த மனிதரை அன்றுதான் மனதார மதித்தேன். சத்தியமாக!

தீர்ப்பு சொல்லப்பட்டது. தப்பில் பெரும்பங்கு இடைவெளி விடாமல் வந்து இடித்தவருடையது. காரணமில்லாமல் நடுரோட்டில் நின்றதற்காக ஒரு சின்னப் பங்கு எனக்கு. நாய்க்காகத் தனியாக ஒரு திட்டு. "வேலை பொழச்சுருச்சுலா, போங்க" என்று வக்கீல் அம்மா காதருகில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியாக மாஜிஸ்திரேட் ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "பொது ரோட்டில் யாருக்காகவும் யாரும் இறங்கி நிற்க வேண்டியதில்லை."

கடைசி பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். "ஐயா, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

காவலர் "ஷ்!" என்று அதட்டினார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். அப்பா வாய்க்குள் கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தார். அப்பா முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, அப்பா தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு, அவரும் அம்மாவும் எங்களோடு சிலிபினில் வந்து இருந்தார்கள். அம்மா வீடு கூட்டும்போது, அப்பா கூடத்து நடுவில் நாற்காலியைப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். "எந்திரிங்க, கூட்டணும்" என்றால், "நான் யாருக்கும் எந்திரிக்க வேண்டியதில்ல, கோர்ட்டே சொல்லிருச்சு" என்பார்.

"அப்ப சோத்துக்கும் எந்திரிக்காதீங்க" என்பார் அம்மா.

"கோர்ட்டு ரோட்டைத்தான் சொன்னுச்சு. சோத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று உடனே எழுந்து போவார்.

இருவரும் இப்போது இல்லை, அப்பாவின் வசனம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பள்ளிக்கூட நாளில் பேரனை எழுப்பப் போனால், போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: "கோர்ட்டே சொல்லிருச்சு தாத்தா." அந்தத் தீர்ப்பை வாங்கி வந்தவனே நான்தான், அதை மறுக்க முடியாமல் திரும்பி வந்துவிடுகிறேன்.