சைவ வீட்டில் ஒரு டப்பா மீன்

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கிறவன் நான். அப்படிப்பட்டவன் மொட்டை மாடியில் பண்ணை வைக்கப் புறப்பட்டது ஜாதகக் கோளாறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சேலையூரில் ஏழெட்டு வீடு பார்த்துக் கடைசியாக வாய்த்தது அது. (உப்பில்லாத கிணற்றுத் தண்ணீர்! தாம்பரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) கேட்டில் 'சைவம் மட்டும்' என்று பலகை. நாங்கள் பரம்பரை சைவம் என்பதால் கீழே குடியிருந்த ஓனர் சாருக்கு எங்கள்மேல் தனிப் பாசம். "இந்த வீட்டை மட்டும் கெடுத்துடாதீங்க. இன்னொரு தடவை மூட்டை கட்ட என்னால ஆகாது" என்று என் மனைவி வித்யா முன்பே எச்சரித்திருந்தாள்.

பத்துத் தொட்டியில் கத்தரி வைத்தேன். ஒன்றுகூடக் காய்க்கவில்லை. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துத் தெளித்தால் காய்த்துத் தள்ளும் என்றது ஒரு வீடியோ. வித்யாவிடம் சொல்லாமல், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே மீன் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"இன்னா சார், கொழம்புக்கா?" என்றார் மீன்கார அக்கா.

"இல்லக்கா, செடிக்கு."

"வூட்டுக்குத் தெரியாம துன்றவங்க அல்லாரும் இத்தான் சொல்றாங்க" என்று தலையும் குடலுமாக அள்ளிப் போட்டார். அதை வெல்லத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மொட்டை மாடியில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்றும் வீடியோ சொன்னது. திறந்தால் நாறும், நாறினால் வீடு போய்விடும். ஆகவே என் சொந்த மூளையை உபயோகித்து மூடியை இறுக்கி, மேலே நாலு சுற்று டேப் வேறு ஒட்டினேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாடியில் ஓனர் மாமி வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார். சார் புது அக்ரிமென்ட்டோடு மேலே வந்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"அந்த டப்பா ஏன் இப்படி உப்பியிருக்கு?" என்று சார் அதனருகே குனிந்தார்.

"வேப்பம்புண்ணாக்கு சார்."

டமார்!

வடாம், சாரின் வெள்ளை வேட்டி, அக்ரிமென்ட் எல்லாம் மீன்மயம். ஒரு சங்கரா மீன் தலை வடாம் நடுவே விழுந்து சாரையே பார்த்தது.

"புண்ணாக்குக்குக் கண்ணு இருக்குமா?" என்றார் சார்.

சத்தம் கேட்டு வந்த வித்யா படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா நாங்க சாப்பிடலை சார்! செடிதான் சாப்பிடுது!"

மாமிதான் முதலில் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வடாம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மீன் சாப்பிடறவங்கன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க! இப்ப உங்க தலையிலேயே குடல் தொங்கறது. போய்க் குளிங்கோ!"

அடுத்த மாதம் பலகையைக் கழற்றிவிட்டார்கள். பக்கத்து போர்ஷனுக்கு வந்த குடும்பம் ஞாயிறுதோறும் மீன் வறுக்கிறது. (கத்தரியா? அந்த வெடிப்புக்குப் பிறகு காய்த்துத் தள்ளிவிட்டது. பாதி மாமிக்குத்தான் போகிறது.)

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம், இன்னும் சைவம்தான். ஆனால் ஒவ்வொரு முறை அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போதும் சார் தன் கையால் ஒரு வரி சேர்ப்பார். அதை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்காமல் வித்யா என்னைக் கையெழுத்துப் போட விடமாட்டாள்: "குடித்தனக்காரர் மீன் சாப்பிடலாம், ஊறவைக்கக் கூடாது."